பாரோவிலிருந்து ஸ்பிட்ஸ்பெர்கனுக்கு எவ்வளவு தூரம்?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

எங்கள் துறையின் சுவரில் மெர்க்கேட்டர் முறையில் வரைந்த உலகப்படம் ஒன்று தொங்குகிறது. அதன் இடக்கோடியில் அலாஸ்காவின் வடமுனை ஊரான பாரோ இருக்கிறது. 2016 முதல் அதன் பெயர் உட்கியாக்விக். ஐரோப்பாவுக்கு மேலே, நார்வேக்குரிய ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் லாங்இயர்பியன் என்னும் சிற்றூர். இரண்டிலும் விமான நிலையம் உண்டு. அடிக்கோலால் இவற்றை இணைத்தால் கோடு கனடாவின் வடதீவுகளையும் கிரீன்லாந்தையும் கடந்து செல்லும். அக்கோட்டின் வழியே பறந்தால் ஏறத்தாழ 5,000 கி.மீ.

மெர்க்கேட்டரைக் குறை கூறுவதற்கில்லை. திசை மாறாமல் செல்லும் கப்பலின் வழி நேர்கோடாகத் தெரியவேண்டும் என்றே அவர் 1569-இல் அப்படத்தை வரைந்தார். அதற்கு விலையாக வடபகுதிகள் அகன்று விரிந்தன. வடதுருவத்துக்கோ படத்தில் இடமே இல்லாமற் போயிற்று.

கோளத்தின் மீது இரு புள்ளிகளுக்கிடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் வில்லே ஆகும். பாரோ 71.29° வடக்கு, 156.77° மேற்கு, லாங்இயர்பியன் 78.25° வடக்கு, 15.47° கிழக்கு. துருவத்தில் இவை அமைக்கும் கோணம் 172.24°. கோள முக்கோணத்தின் கொசைன் விதியில் இவற்றை இட்டால், பூமியின் மையத்தில் அமையும் கோணம் 30.39° எனக் கிடைக்கிறது. பாகைக்கு 111.2 கி.மீ. வீதம் 3,380 கி.மீ. சுவரிலுள்ள கோட்டைவிட 1,600 கி.மீ.க்கு மேல் குறைவு! இவ்வழி துருவத்துக்குச் சுமார் 110 கி.மீ. அருகே செல்கிறது. மணிக்கு 800 கி.மீ. செல்லும் ஜெட் விமானத்துக்கு நாலேகால் மணி நேரம். ஏறி இறங்க இன்னும் அரைமணி சேர்த்துக்கொள்ளலாம். (எங்கள் குடும்பத்தில் எவரும் இதுவரை விமானம் ஏறியதில்லை. கணக்குப் போடுவதற்குப் பயணச்சீட்டு தேவையில்லையே!)

இந்தக் கணக்கை நம்பி உயிரைப் பணயம் வைத்தவர்களும் உண்டு. 1928 ஏப்ரலில் ஹூபர்ட் வில்கின்ஸும் விமானி கார்ல் பென் ஐல்சனும் ஒற்றை எஞ்சின் லாக்ஹீட் வேகா விமானத்தில் பாரோவிலிருந்து ஸ்பிட்ஸ்பெர்கனுக்குப் புறப்பட்டனர். அவர்கள் சென்ற வழி ஏறக்குறைய 3,500 கி.மீ. நேர்வழியேயானாலும் அதில் திசை நிலையாக இராது. வடக்கு நோக்கிப் புறப்பட்டவர் துருவத்தை நெருங்கிக் கடந்ததும் தெற்கு நோக்கிச் செல்வார். காந்த ஊசியும் அங்கே நம்பத்தக்கதன்று. ஆகவே வில்கின்ஸ் சூரியனின் உயரத்தை அளந்து, அவ்வப்போது கணக்கிட்டு வழி சொன்னார். கணக்குப் பிசகினால் கீழே இறங்க நிலமில்லை, உறைந்த கடல்தான். 20 மணி 20 நிமிடம் பறந்து, புயலில் ஆளில்லாத சிறு தீவொன்றில் இறங்கினர். காற்று ஓய ஐந்து நாள் காத்திருந்த பின்னரே மனிதர் வாழும் இடத்தை அடைய முடிந்தது.

இன்று இவ்விரு ஊர்களுக்கிடையே நேர் விமானம் கிடையாது. பாரோவிலிருந்து தெற்கே ஆங்கரேஜுக்கு 1,160 கி.மீ.; ஓஸ்லோவிலிருந்து வடக்கே லாங்இயர்பியனுக்குச் சுமார் 2,000 கி.மீ. இவ்விரண்டு துண்டுகளைக் கூட்டினாலே நேர்வழித் தொலைவை நெருங்கிவிடுகிறது. ஆங்கரேஜிலிருந்து ஓஸ்லோ வரையிலான பயணமும், விமானம் மாறக் காத்திருக்கும் நேரமும் இன்னும் பாக்கி. பாரோவில் சுமார் 5,000 பேரும் லாங்இயர்பியனில் அதில் பாதியளவினரும் வாழ்கின்றனர். இவர்களை நம்பி எந்த நிறுவனம் நேர் விமானம் விடும்?