இத்தாலியக் குடும்பத்தில் தங்கப் போகும் பிள்ளைக்குக் குசினிக் குறிப்புகள்

இடைநிலைப்பள்ளி மாணவர்களை வெளிநாட்டுக் குடும்பத்தில் தங்கிப் படிக்க அனுப்பும் ஏஎஃப்எஸ் அமைப்பு மலேசியாவிலும் இயங்குகிறது. இத்தாலியில் அதே வேலையை 1955 முதல் இன்டர்குல்தூரா செய்து வருகிறது. பிள்ளையை ஏற்கும் குடும்பம் அதற்காகக் காசு வாங்குவதில்லை. தங்கள் மேசையில் ஒரு தட்டைக் கூடுதலாக வைக்கிறார்கள். அந்த வீட்டில் ஒட்டிக்கொள்ள நல்ல வழி, முதல் வாரமே குசினிக்குள் போய்விடுவதுதான். லகாட், மெங்லெம்பு, பூசிங் பக்கமிருந்து புறப்படும் பிள்ளைகளை மனத்தில் வைத்து இவற்றை எழுதுகிறேன்.

1. பெட்டி கட்டும்போதே கவனம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. நெய், பால்கோவா, சீருண்டிங், பால்மாவு கலந்த வெள்ளைக் கோப்பிப் பாக்கெட் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பச்சைக் கருவேப்பிலைக்கும் முருங்கைக் கீரைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். கறித்தூள், மிளகாய்த்தூள், கடுகு, புளி, பெருங்காயம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றைக் கடையில் ஒட்டிய பாக்கெட்டாகவே எடுத்துச் செல்லுங்கள். அம்மா வறுத்து அரைத்த தூளைப் பெயரில்லாத பையில் கட்டிக் கொடுத்தால், அது என்னவென்று சுங்கத்தில் விளக்குவது கடினம்.

2. அன்பளிப்பாகப் புந்தோங் முறுக்கும் கச்சாங் பூத்தேயும் போதும். ஈப்போவின் பெயர் சொல்லும் பண்டம், கெட்டுப்போகாது, உடைந்தாலும் ருசி குறையாது. அந்த வீட்டில் யாருக்காவது கடலை ஒவ்வாதா என்று மட்டும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

3. நம் மூன்று முனை பிளக் அங்கே பொருந்தாது, அடாப்டர் வேண்டும். மின்னழுத்தம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் சிறிய சோற்றுப்பானை தடையின்றி வேலை செய்யும். ஆனால் பெரும்பாலான இத்தாலிய வீடுகளுக்கு 3 கிலோவாட் மின்சாரம்தான் ஒப்பந்தம். ஓவன், துணி துவைக்கும் இயந்திரம், முடி உலர்த்தி மூன்றும் சேர்ந்து ஓடினால் வீடே இருண்டுவிடும். எதையும் சொருகுமுன் வேறு என்ன ஓடுகிறது என்று பாருங்கள்.

4. காலையில் பசியாற இனிப்புத்தான்: பாலில் நனைத்த பிஸ்கட், ஜேம் தடவிய ரொட்டி. நாசி லெமாக்கிலும் தோசையிலும் வளர்ந்த வயிற்றுக்கு முதல் சில நாள் இது சிரமம். முட்டை வேண்டுமென்றால் முந்திய இரவே கேட்டு வைத்துக்கொண்டு நீங்களே செய்துகொள்ளுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். மதியச் சாப்பாடு பள்ளி விட்டு வந்த பிறகு, இரவுச் சாப்பாடு 8 மணி வாக்கில்.

5. பாஸ்தாவுக்கு ஒரே கணக்கு: ஆளுக்கு 100 கிராம் பாஸ்தா, ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே உப்பும் பாஸ்தாவும் போட வேண்டும். எண்ணெய் ஊற்றாதீர்கள், ஊற்றினால் குழம்பு பிடிக்காமல் வழுக்கிப்போகும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னரே ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், நடுவில் சற்றுக் கடினம் இருக்க வேண்டும். வடிக்குமுன் ஒரு மங்கு கஞ்சித் தண்ணீரை எடுத்து வைத்து, குழம்போடு பாஸ்தாவைப் புரட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். அதிலுள்ள மாவுச்சத்துத்தான் குழம்பைப் பாஸ்தாவோடு பிணைக்கிறது. இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் வீட்டு நோன்னாவின், அதாவது பாட்டியின், நம்பிக்கை கிடைத்துவிடும்.

6. ஸ்பாகெத்தியை ஒடிக்கக்கூடாது. மீன் பாஸ்தாமேல் சீஸ் தூவக்கூடாது. கெச்சப் கேட்கவே கூடாது.

7. பிரஷர் குக்கர் பல வீடுகளில் இருக்கும். 1901இல் ஒமேஞ்ஞா ஊரில் தொடங்கிய லகொஸ்தினா நிறுவனத்தின் குக்கர் அங்கே பேர்பெற்றது. ஆனால் அந்தக் குக்கர்கள் நம் வீட்டுக் குக்கர்போல விசில் அடிப்பதில்லை, தொடர்ந்து சீறிக்கொண்டே இருக்கும். ‘மூணு விசில்’ என்று அம்மா சொல்லும் கணக்கு அங்கே செல்லாது. ஆவி சீறத் தொடங்கியதும் தீயைக் குறைத்து, அந்த நேரத்திலிருந்து நிமிடத்தை எண்ணுங்கள். மைசூர்ப் பருப்புக்கு 5 நிமிடம் தாராளம்; துவரம் பருப்புக்குப் பத்துப் பன்னிரண்டு. மூடியைத் திறக்கும் முறை குக்கருக்குக் குக்கர் மாறும். அதை அந்த வீட்டாரைக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள்.

8. கேஸ் அடுப்பு பற்றியதும் குமிழிலிருந்து கையை எடுத்தால் தீ அணைந்துவிடலாம். பாதுகாப்பு வால்வு சூடேறும் வரை சில வினாடி அழுத்திப் பிடித்திருங்கள்.

9. நம் சாமான்களுக்கு ஈடானவை அந்த ஊர் சூப்பர்மார்க்கெட்டிலேயே இருக்கின்றன. தோல் நீக்கிய ‘லென்திக்கியே ரொஸ்ஸே’தான் நம் மைசூர்ப் பருப்பு. ‘ஃபரீனா தி சேச்சி’ கடலை மாவு. பஜ்ஜிக்கு அப்படியே உதவும். உப்புமாவுக்கு ‘செமோலீனோ’ வாங்குங்கள், ‘ரிமச்சினாத்தா’ என்று போட்டிருப்பது ரொட்டிக்கான நைஸ் மாவு. ஆர்போரியோ, கர்னரோலி அரிசிகள் குழைந்து ஒட்டும். சோற்றுக்குப் பாஸ்மதி எடுங்கள், அந்தக் குழைவு வேண்டுமென்றால் பொங்கலுக்கு ஆர்போரியோவே நல்லது. ரசத்துக்கு ‘பஸ்ஸாத்தா’ என்ற தக்காளிச் சாறும் புளியும் போதும். பீர்க்கங்காய் இடத்தில் சுக்கீனி. பெஸ்தோ இடிக்கும் பளிங்கு உரலில் மிளகு சீரகம் தட்டலாம், ஆனால் வாசம் ஒட்டும் என்பதால் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

10. முதல் முறை அவர்களுக்குச் சமைக்கும்போது மீன் சம்பலில் தொடங்க வேண்டாம். சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், காரம் பாதி. பஜ்ஜி போட்டால் நிச்சயம் பிடிக்கும். பலெர்மோவில் கடலை மாவைக் கிளறி, ஆறவைத்து, வெட்டிப் பொரித்த ‘பனெல்லே’யைத் தெருவெல்லாம் விற்கிறார்கள். தாளிக்குமுன் சன்னலைத் திறந்து, புகைபோக்கியைப் போட்டு, படுக்கையறைக் கதவுகளைச் சாத்துங்கள். பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் புட்டியில் சேர்த்து வையுங்கள். ஈரக் குப்பை, தாள், பிளாஸ்டிக், கண்ணாடி எல்லாம் தனித்தனி. எது என்றைக்கு வெளியே போகும் என்ற அட்டவணை பெரும்பாலும் குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கும்.

11. மாட்டிறைச்சி சாப்பிடாத பிள்ளைகள் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள், போய் இறங்கிய அன்றும் சொல்லுங்கள். ‘மன்சோ’ மாடு, ‘வித்தெல்லோ’ கன்று. ரகூ குழம்பில் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்திருக்கும், தொர்தெல்லீனி உள்ளே பன்றி. ரொமாஞ்ஞாப் பக்கத்துப் பியதீனா ரொட்டியில் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பது வழக்கம். சைவப் பிள்ளைகள் இன்னொன்றும் அறிய வேண்டும்: பர்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றின் வயிற்று நொதியால் உறையவைப்பது. நுண்ணுயிர் நொதியிட்ட வேறு சீஸ்கள் கிடைக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்றால் தூனா மீனைக் கொண்டுவந்து வைப்பார்கள், எனவே மீனையும் சேர்த்துச் சொல்லுங்கள். செப்டம்பரில் போனால் புரட்டாசியும் உடனே வந்துவிடும். விரதமென்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். கத்தோலிக்க வீடுகளில் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்ப்பது பழைய வழக்கம், பாட்டிகளுக்குச் சட்டென்று புரியும். கொண்டைக்கடலைப் பாஸ்தா, பொலெந்தா, தக்காளிப் பாஸ்தா என்று சைவத்துக்குப் பஞ்சமில்லை.

12. கோப்பி போடும் மோக்காப் பானையில் தண்ணீர் வால்வுக்குக் கீழே நிற்க வேண்டும். தூளை அழுத்தாதீர்கள், தீ சிறிதாக இருக்கட்டும். கழுவச் சவர்க்காரம் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும்.

13. கழிவறையில் பிதே என்ற கழுவுதொட்டி இருக்கும். வீடுகளில் அது வேண்டுமென்று 1975இல் அரசாணையே போட்டார்கள். தண்ணீர் பழக்கமுள்ள நமக்குப் பெரிய நிம்மதி. அதற்கென்று தனித் துண்டு உண்டு. முகத் துண்டோடு கலந்துவிடாதீர்கள்.

14. வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்தாலும் ஈரத் தலையோடு வெளியே போனாலும் அந்த வீட்டு அம்மா பதறுவார். வீட்டுச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். மிலான், பொலோஞ்ஞா போன்ற வடக்கு ஊர்களில் வழக்கமாக அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் வீட்டைச் சூடாக்கலாம், அதுவும் நாளுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இரவில் குளிரும்; போர்வை கேளுங்கள்.

15. குளிர்காலத்தில் இத்தாலி நமக்கு 7 மணி நேரம் பின்னால், கோடையில் 6. அங்கே பிற்பகல் 2 மணிக்குப் பேசினால் லகாட்டில் இரவு 9 அல்லது 8. சாப்பாட்டு மேசையில் கைப்பேசி வேண்டாம்.

16. ஊர் நினைவு தாங்கவில்லையென்றால், பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் நிறையப் பேர் வாழ்கிறார்கள். பல்லரோ சந்தைப் பக்கம் தமிழ் காதில் விழும். பெல்லெக்ரினோ மலைமேலுள்ள சாந்தா ரொசாலியா குகைக் கோயிலுக்கு அங்குள்ள இந்துத் தமிழர்களும் போகிறார்கள். வேறு நகரங்களிலும் ஆசியக் கடைகளில் உளுந்தும் கருவேப்பிலையும் விசாரித்துப் பாருங்கள்.

17. பெற்றோருக்கு: முதல் மாதம் தினமும் அழைத்து ‘என்ன சாப்பிட்டாய்’ என்று கேட்காதீர்கள், பிள்ளை அந்த மேசையில் நிம்மதியாக உட்காரட்டும். இத்தாலியப் பிள்ளைகளும் இதே வழியில் மலேசியாவுக்கு வருகிறார்கள். வீட்டில் ஓர் அறை மிச்சமிருந்தால் நீங்களும் ஒரு பிள்ளையை ஏற்றுக்கொள்ள விண்ணப்பம் போடுங்கள்.