நந்தினிக்காகப் பார்க்கலாம்

கேள்வி: ‘சுழல்’ வலைத்தொடரின் முதல் பாகத்தை ஒரே மூச்சில் பார்த்தேன். இரண்டாம் பாகத்தை பீச் ரயிலில் பார்க்கத் தொடங்கி, பாதியிலேயே விட்டுவிட்டேன். ஏன் இப்படி?
– வாசகி, கிழக்குத் தாம்பரம்

பதில்: உங்கள் ஏமாற்றம் நியாயமானது. 2022-இல் வந்த முதல் பாகத்தில் மயானக் கொள்ளைத் திருவிழா கதையின் நரம்பாகவே ஓடியது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்திலும் திருவிழா உண்டு. ஆனால் கண்ணுக்கு விருந்து என்பதோடு சரி.

இத்தனைக்கும் தொடக்கம் அபாரம். வழக்கறிஞர் செல்லப்பா கொலையாகிறார், அலமாரிக்குள் ஒரு பெண் ஒளிந்திருக்கிறாள், அப்புறம் ‘நான்தான் கொன்றேன்’ என்று பெண்கள் வரிசையாகச் சரணடைகிறார்கள். தொடரை உருவாக்கிய புஷ்கர் – காயத்ரி போட்ட அருமையான முடிச்சு! அதை எட்டுப் பகுதிகளுக்கு இழுத்ததில்தான் விறுவிறுப்பு போயிற்று. துப்பறிய வேண்டிய இடங்களில் பாத்திரங்கள் நின்று விளக்கம் சொல்கின்றன.

நந்தினியாக வரும் ஐஸ்வர்யா ராஜேஷ் மட்டும் எங்கும் சோடை போகவில்லை. தனக்காக வாதாடிய செல்லப்பாவைக் கொன்றதாகச் சொல்லும் பெண்களோடு ஒரே சிறையில் இருக்க வேண்டிய நந்தினி! அந்தக் கோபமும், அது கரைந்து பரிவாகும் விதமும் அவர் முகத்திலேயே தெரிகின்றன. மீதிப் பகுதிகளையும் அவருக்காகப் பார்த்துவிடுங்கள். ரயிலில் வேண்டாம், வீட்டில் பெரிய திரையில்.