ஊதாப் பாசிக்கு விளக்கு காரணமில்லை

ஒரகடத்தில் ஷிப்டு முடிந்து வரும் தம்பிகளில் நான்கு பேராவது இந்த வருஷம் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், உப்புத்தண்ணித் தொட்டியில அந்த ஊதாக் கலர் வரணும்னா எத்தனை வாட்ஸ் லைட் போடணும்?" பதிலுக்குக் காத்திருப்பதும் இல்லை, அதற்குள் விளக்கை வாங்கிவிடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வாடகை வீட்டில் இரண்டடித் தொட்டிக்கு மேல் கண்கூசும் விளக்கு ஒன்று தொங்குவதைப் பார்த்தேன். அரை மாதச் சம்பளம் அதில் போயிருந்தது. பாறை முழுக்கப் பச்சை இழைப்பாசி. ஊதா ஒரு பொட்டுகூட இல்லை.

பாறையில் ஊதாவும் இளஞ்சிவப்புமாகப் படரும் கோரலைன், சிவப்புப் பாசிக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஃபைக்கோஎரித்ரின் என்ற நிறமி அதற்குள் இருக்கிறது. ஆழத்துக்கு இறங்கிவரும் மங்கலான நீலப்பச்சை ஒளியையும் அந்த நிறமி விடாமல் பிடித்துக்கொள்ளும். 1984-ல் மார்க் லிட்லர், டயான் லிட்லர் என்ற ஆய்வாளர் தம்பதியர் பஹாமாஸ் கடலில் 268 மீட்டர் ஆழத்தில் பாறையோடு ஒட்டி வளர்ந்த கோரலைனைக் கண்டார்கள். மேற்பரப்பு வெளிச்சத்தில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான் அங்கே போய்ச் சேருகிறது. அதற்கே உயிர் வாழ்கிற பாசிக்கா உங்கள் வீட்டு எல்இடி போதாது? நல்ல வெளிச்சத்தில் வாழும் இனங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மங்கலில் இருந்த பாசியின் மேல் திடீரென்று பேரொளியைக் காட்டினால் அது வெளிறிப்போகும். என் தொட்டியில் முதலில் நிறம் பிடித்தது பம்ப்பின் நிழல் விழும் மூலையில். மேலே இருந்தது சாதாரண எல்இடி பட்டை.

அப்படியானால் எது வேண்டும்? சுண்ணாம்பு. இந்தப் பாசி தன் செல் சுவருக்குள் மக்னீசியம் கலந்த கால்சைட்டை நிரப்பிக்கொண்டே வளர்கிறது. நீரில் கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம், மக்னீசியம் 1,300-ஐ ஒட்டி, காரத்தன்மை 8 முதல் 10 டிகேஎச் என்று நிலையாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று சரிந்தால் எந்த விளக்கும் காப்பாற்றாது. பாஸ்பேட் ஏறினால் சுண்ணாம்பு படிவது தடைப்படும், இழைப்பாசி முந்திக்கொண்டு பாறையை மூடும். அந்த வாடகை வீட்டில் நடந்தது இதுதான்: மிச்சத் தீனி பாஸ்பேட்டைக் கொடுத்தது, பெரிய விளக்கு இழைப்பாசியைக் கொழுக்க வைத்தது. நம் பக்கத்து மே மாதத்தில் சிமென்ட் கூரை வீட்டுக்குள் அந்த விளக்கின் சூடும் சேர்ந்தால் தண்ணீர் என்ன ஆகும் என்று யோசித்தார்களா? விளக்குக்குக் கொடுத்த பணத்தில் கால்சியம், காரத்தன்மை, பாஸ்பேட் மூன்றுக்கும் சோதனைக் கிட் வாங்கி, மீதியும் கையில் நின்றிருக்கும்.

"போர் தண்ணியில சுண்ணாம்பு இருக்கு, அதுலயே உப்பைக் கலந்துடலாம்" என்கிறார்கள். கூடாது, நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் கூடவே வரலாம். ஆர்ஓ தண்ணீரில் கடலுப்புக் கலவையைக் கரையுங்கள். "பாசின்னா அழுக்கு, தேய்ச்சு எடுத்துடணும்" என்பதும் தப்பு. முன்கண்ணாடியை மட்டும் சுரண்டுங்கள், பாறையைத் தொடாதீர்கள். புட்டியில் விற்கும் திரவத்தை ஊற்றினால் வாரத்தில் நிறம் வரும் என்பதை நம்பாதீர்கள். மாதக்கணக்கில் ஆகும்.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு பேச்சைக் கேட்டால்தான்: "ராமேஸ்வரத்துல ஆள் இருக்கு சார், நிறம் பிடிச்ச பாறையாவே கொண்டுவந்து தருவாரு." பாறையைக் கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை ஆண்டுக்கணக்கில் வெட்டியெடுத்தோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். இந்த ஊதாப் பாசி அங்கே அழகுக்காக இல்லை. உடைந்த பவளத் துண்டுகளை ஒட்டவைக்கும் சாந்து அது. புதிய பவளக் குஞ்சுகள் பலவும் அதன் மேல்தான் வந்து குடியேறுகின்றன. உங்கள் வரவேற்பறைக்காக அதைப் பெயர்த்து வருகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தேவையும் இல்லை. வெறும் செயற்கைப் பாறையே போதும். வித்துக்கு, ஏற்கெனவே தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். அவர் கண்ணாடியில் சுரண்டி எறியும் ஊதாச் செதிலோ, நிறம் படிந்த ஓட்டோடு ஒரு நத்தையோ கிடைத்தால் போதும். செதிலைப் பொடித்து, பம்ப் ஓட்டத்தின் முன்னால் தூவிவிடுங்கள். பிறகு வாரம் ஒரு முறை காரத்தன்மையைச் சோதித்து நோட்டில் குறித்துவாருங்கள்; முதல் பொட்டைப் பாறையின் நிழல் பக்கத்தில் தேடுங்கள்.