ஆசிரியரும் திறந்த கல்வி வளங்களும்

ஸ்ரீபெரும்பூதூரில் அவதரித்த இராமாநுசர், தாம் அரிதிற் பெற்ற மந்திரப் பொருளைத் திருக்கோட்டியூரில் யாவருங் கேட்க உரைத்தனர் என்பது வழிவழி வரும் வரலாறு. ஸ்ரீபெரும்பூதூருக்கு அணித்தாயுள்ள ஒரகடத்தில் இக்காலத்து மோட்டார் வண்டிகளும் டயர்களுஞ் செய்யும் ஆலைகள் மலிந்துள்ளன. அவ்வாலைகளைச் சூழ்ந்த கலாசாலைகளிற் கல்விப் பொருளைப் பொதுவாக்குதற்கு ஆசிரியர் பெறவேண்டிய பயிற்சி யாது என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

‘திறந்த கல்வி வளங்கள்’ என்னும் பெயர் 2002-ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரில் யுனெஸ்கோ கூட்டிய அவையில் எழுந்தது. விலையின்றிக் கிடைப்பன யாவும் இப்பெயர்க்கு உரியன அல்ல. வைத்துக்கொள்ளுதல், பயன்படுத்துதல், திருத்துதல், பிறவற்றோடு கலத்தல், பிறர்க்கு வழங்குதல் என்னும் ஐந்துரிமைகளையும் ஆக்கியோர் முன்னரே அளித்திருத்தல் வேண்டும்.

இத்துறையில் நம் நாடு வறியதன்று. ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் 2003-இல் என்.பி.டி.இ.எல். திட்டத்தைத் தொடங்கின. 2017-இல் ஸ்வயம் தளம் தோன்றிற்று. ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை அத்தளத்திற் பயிலலாமெனப் பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் விதி வகுத்தது. பொருள் உளது, அதனை எடுத்தாளும் பயிற்சியே குறைவு.

பயிற்சியின் முதற்படி, உரிமம் அறிதல். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் யாவும் ஆக்கியோர் பெயரைச் சுட்டப் பணிக்கும். சில, வாணிகத்தை விலக்கும். சில, மாற்றத்தை விலக்கும். அமெரிக்க நாட்டு எம்.ஐ.டி. வெளியிடும் திறந்த பாடங்களைத் தமிழாக்கலாம். ஆயின் விற்றலாகாது, அவ்வுரிமத்தோடே வெளியிடவும் வேண்டும். மாற்றம் விலக்கப்பட்ட பாடத்தைத் தமிழாக்கி வெளியிடுதற்கோ தனி அநுமதி வேண்டும்.

இரண்டாம் படி, பாடத்தை நம் மாணாக்கர்க்கு ஏற்ப அமைத்தல். புள்ளியியல் ஆசிரியர் ஒருவர் தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கற்பிக்கின்றார் என்க. திறந்த பாடமொன்றை எடுத்து, மணிக்கு ஐந்து தண்டுகளின் விட்டத்தை அளந்து சராசரி காணும் கணக்கை அதிற் சேர்த்து, தமிழில் விளக்கின், ஒரகடத்து மாணவன் தன் தந்தை செய்யும் தொழிலையே அதிற் காண்பான்.

மூன்றாம் படி, திருத்திய பாடத்தை மீண்டும் உலகிற்கு ஈதல். ‘குறிப்பை ஈந்தால் நம் மதிப்புக் குன்றாதோ?’ என்று ஐயுறுவார் உளர். ஆசிரியர்தம் மதிப்புக் குறிப்பேட்டில் இல்லை; மாணவனது ஐயத்தைக் களைவதில் உளது. மேலும், ஈந்தார் பெயர் பாடத்தோடு என்றும் செல்லும். எனினும் இப்பணிக்குக் காலம் வேண்டும். கலாசாலைத் தலைவர்கள் இதனைப் பணிநேரத்திற் சேர்த்து மதிப்பாராயின், ஆசிரியர் மனமுவந்து முன்வருவர்.

இரவு முறையில் ஆலையில் உழைத்து, பகற் பாடத்தைத் தவறவிடும் மாணவனுக்குத் திருத்திய பாடமொன்று கைக்கெட்டுமாயின், அவன் படிப்பு இடையில் அறாது. ஆதலின் ஒவ்வோர் ஆசிரியரும் ஆண்டிற்கு ஒரு பாடமேனும் இங்ஙனம் அமைத்து அளிப்பாராக.