எடைக்குப் போகும் முன்

பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டில் வெள்ளிக்கிழமை காலையில் விரிக்கப்படும் தார்ப்பாய்களில் கிடக்கும் எந்தப் பழைய பாத்திரத்துக்கும் இரண்டு விலைகள் உண்டு. ஒன்று எடை விலை. காயலான் கடையில் பித்தளைக்கும் செம்புக்கும் கிலோவுக்கு என்ன கொடுப்பார்களோ, அது. விற்பவர் அதற்குக் கீழே இறங்க மாட்டார். இறங்கவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. இன்னொன்று, அந்தப் பொருள் இன்னதென்று தெரிந்த ஒருவர் மனமுவந்து கொடுக்கும் விலை. அப்படி ஒருவர் வராத பொருள் சாயங்காலம் சாக்கில் ஏறி, சில நாட்களில் உருக்குப் பட்டறைக்குப் போய்விடும். ஆகவே இந்தச் சந்தையில் ஒரு பொருளைக் காப்பாற்றுவது பணத்தைவிட அதன் பெயரைச் சொல்லத் தெரிந்த ஒரு வாய்தான் என்பது என் முடிவு. அந்த வாய் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பழைய பொருள் தேடிப் போவதைத் தனி ஆளின் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளாமல் குடும்பத்தோடு செய்யவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

இங்கே வரும் பொருட்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, தண்டவாளத்தின் இரு பக்கமும் நிலம் வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள் ஏராளம். குரோம்பேட்டையிலும் சேலையூரிலும் நங்கநல்லூரிலும் கிணறும் தென்னையும் வைத்துக் கட்டிய அந்தத் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்குமாடிகளாகின்றன. பரண் இருந்த வீட்டின் சாமான்களுக்குப் பரண் இல்லாத வீட்டில் இடமில்லை. தஞ்சாவூரிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் சீராக வந்த தவலைகளும் தாம்பாளங்களும் அப்படித்தான் மூட்டையாகக் கைமாறுகின்றன. சந்தை விற்பது பெரும்பாலும் நம் பக்கத்துத் தெருவின் பரணை. அதைப் படிக்கத் தெரிந்தவர்களும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

பெயர் தெரிவதால் பொருள் பொக்கிஷமாகிறது என்பதற்குப் பல்லாவரத்தைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. 1863 மே மாதம் இந்த ஊரின் சரளைக்கல் குழி ஒன்றில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு கல்லை எடுத்தார். இந்தியாவில் முதலில் அடையாளம் காணப்பட்ட பழைய கற்கால ஆயுதம் அது. அந்தக் கற்களைச் சரளையோடு சரளையாகக் கூடையில் அள்ளியவர்கள் அதற்கு முன்பும் இருந்திருப்பார்கள். பிரான்ஸின் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கோடாரிகள் மனிதன் செதுக்கியவைதான் என்ற முடிவு அப்போதுதான் ஐரோப்பிய அறிஞர்களிடையே உறுதிப்பட்டிருந்தது. அந்தச் செய்தியை அறிந்த ஒருவரின் கையில் அகப்பட்டதால்தான் சாலைக்குப் போகவேண்டிய கல் அருங்காட்சியகத்துக்குப் போனது. ஃபூட் சேர்த்த தொகுப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது.

கற்கோடாரிக்கு நிலவியலாளர் வேண்டும். சமையலறைச் சாமானுக்கு வேண்டியவர் எழுபது வயதான ஓர் அத்தையோ பெரியம்மாவோதான். மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம் ஒன்றை இருபது வயதுக்காரர் விளக்கு என்று நினைப்பார். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை என்று பாட்டி பார்த்த மாத்திரத்தில் சொல்வார். நகைப்பெட்டி போலத் தெரியும் உருண்டைச் செப்பு சுண்ணாம்புக் கரண்டகமாக இருக்கும். அச்சு இல்லாமல் வெறும் குழலாகக் கிடப்பது சேவை நாழியா முறுக்கு நாழியா, மூடி தொலைந்த அடுக்கில் எத்தனை உருப்படி குறைகிறது என்பதையெல்லாம் புழங்கிய கைதான் சொல்ல முடியும். அளவைப் பாத்திரங்களும் அப்படியே. 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 8 ஆழாக்கு ஒரு படி என்ற கணக்கு தெரிந்தவர் கூட இருந்தால், வரிசையில் விட்டுப்போன அளவு எதுவென்று கேட்டுத் தேட முடியும். விற்பவரிடம் அது இன்னொரு சாக்கின் அடியில் இருக்கலாம்.

வயதானவர்களை வெயிலில், நெரிசலில் இழுத்துக்கொண்டு போவது நியாயமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வெள்ளிக்கிழமை வேலை நாள், பள்ளி நாள் என்பதும் உண்மை. கோடை விடுமுறையிலோ பண்டிகை விடுமுறையிலோ வரும் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, கடைகள் விரிக்கப்படும் நேரத்துக்கே போய், வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவதுதான் குடும்பத்தோடு போவதற்கு ஏற்ற வழி. பழைய சாமான் வியாபாரிகளும் அந்த நேரத்துக்குத்தான் வருவார்கள் என்பதால் நல்லது கைநழுவாமலும் இருக்கும். நடக்க முடியாதவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். கைபேசியில் வீடியோ காலில் பாத்திரத்தின் வாயையும் அடியையும் காட்டினால் போதும். பிள்ளைகளுக்கும் வேலை உண்டு. சட்டைப்பையில் ஒரு சிறிய காந்தம் கொடுத்து அனுப்புங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் மேலே முலாம், உள்ளே இரும்பு. வெண்கலத்தை விரல் கணுவால் தட்டி ஓசை நீள்கிறதா என்று கேட்பதையும் அவர்களிடம் விடலாம். விரிசல் விட்ட வெண்கலம் நீளமாக ஒலிக்காது.

வயதை மதிப்பிடுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அதற்குக் காரணம் விற்பவரின் பொய் மட்டும் இல்லை, நம் தர்க்கப் பிழையும் சேர்ந்துதான். ஒரு பொருளின் மேல் இருக்கும் அடையாளம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் சாட்சி சொல்லும். அது இந்த ஆண்டுக்கு முந்தையதாக இருக்க முடியாது என்று சொல்லும். இந்த ஆண்டுக்கு முந்தையதுதான் என்று சொல்லாது. தகர டப்பாவில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் அது 1972க்குப் பிந்தையது, ஏனென்றால் அந்த ஆண்டு ஆகஸ்ட் 15 அன்றுதான் அந்த முறை வந்தது. ஆனால் வெறும் ‘சென்னை-17’ என்றிருப்பதால் அது 1972க்கு முந்தையது என்று ஆகிவிடாது. இன்றும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. ‘தமிழ்நாடு அரசு’ என்று அச்சிட்ட படிவம் பெரும்பாலும் 1969க்குப் பிந்தையது. கிராம், கிலோ குறித்த எடைக்கல், மெட்ரிக் முறைக்கான சட்டம் வந்த 1956க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பில்லை. அந்த எடைகள் புழக்கத்துக்கு வந்ததே 1958 முதல்தான். நயா பைசாவில் விலை அச்சிட்ட உறை 1957 ஏப்ரலுக்குப் பிந்தையது.

பாத்திரத்தில் வெட்டிய பெயர் இன்னும் சுவையான சாட்சி. 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது ணை, லை, ளை, னை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவமும், ணா, றா, னா ஆகியவற்றின் சுழித்த வடிவமும் மாறின. புதிய வடிவம் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய வெட்டு. பழைய வடிவம் இருந்தால் அவ்வளவு உறுதி கிடையாது. கை பழகிய ஆசாரி பிறகும் பல ஆண்டுகள் பழையபடியே வெட்டியிருப்பார். தமிழ் ஆண்டின் பெயர் இருந்தால் அறுபது ஆண்டுச் சிக்கல் வரும். பிரபவ என்றால் 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். எழுத்து வடிவத்தையும் ஆண்டுப் பெயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு பக்கம் சாய முடியும். அப்போதும் தேதி பெயருக்குத்தான், பாத்திரத்துக்கு இல்லை. பாட்டியின் தவலையில் பேத்தியின் பெயரை வெட்டிக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம்தானே. இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதைப் பிள்ளைகள் வெகு ஆர்வமாகச் செய்வார்கள். வரலாற்றுப் பாடத்தில் சான்று என்று சொல்லிக்கொடுப்பதை இவ்வளவு கைக்கருகில் காட்ட வேறு இடம் எனக்குத் தெரியவில்லை.

போலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பளபளக்கும் பித்தளைக் குழலும் நாய்ப் படமும் கொண்ட கிராமபோன்களில் பெரும்பாலானவை, பழைய பெட்டி கிராமபோனின் உறுப்புகளை எடுத்து அண்மையில் கூட்டிச் சேர்த்தவை. ராமர் பட்டாபிஷேகம் பொறித்து 1818 என்று போட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு எதுவும் கம்பெனி வெளியிட்டது இல்லை. அரிசியை இழுக்கும் என்று சொல்லி லட்சக் கணக்கில் விலை பேசினால் அங்கே நிற்கவே வேண்டாம். எச்.எம்.டி. கைக்கடிகாரங்களில் கண்ணைப் பறிக்கும் புது நிற டயல் இருந்தால் சந்தேகப்படுங்கள். 1961 முதல் 2016 வரை அந்த நிறுவனம் செய்த கடிகாரங்களின் உடல்களில் புதிதாக வண்ணமடித்த டயலைப் பொருத்தி விற்பது பெரிய தொழிலாகவே நடக்கிறது. ஓடுகிற கடிகாரமாக வாங்கிக் கட்டிக்கொள்ள அதிலும் தப்பில்லை. சேகரிப்புக்கான விலையைக் கொடுக்காமல் இருந்தால் சரி.

யார் யாரோ புழங்கிய பாத்திரத்தில் சமைக்கலாமா என்பது அடுத்த தயக்கம். இதில் தயங்குகிறவர்களின் பக்கம்தான் நான். அழுக்கைப் புளியும் சாம்பலும் கொதிநீரும் போக்கிவிடும். உலோகத்தின் குணத்தைப் போக்காது. கலாய் போன பித்தளையிலும் செம்பிலும் புளியோ மோரோ பட்டால் களிம்பு ஏறி உணவில் கலக்கும். வாங்கியதும் கலாய் பூசுகிறவரைத் தேடிப் பிடிக்க முடியும் என்றால் மட்டும் அதை அடுப்புக்கு என்று வாங்குங்கள். ஈயச் சொம்பு விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருக்கவேண்டும். ரசத்துக்கு உரியது வெள்ளீயம். அதில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்காத தெருவோர ஈயச் சொம்பில் ரசம் வைக்காதீர்கள். ஓட்டையை ஈயம் வைத்து அடைத்த பாத்திரங்களுக்கும் இதே விதி. அருவாமனை, பாக்குவெட்டி, கல்லுரல், மாக்கல் சட்டி, தாம்பாளம் ஆகியவற்றில் இந்தக் கவலை மிகக் குறைவு. புதிதாகத் தொடங்குகிறவர்கள் இவற்றிலிருந்து தொடங்கலாம்.

திருட்டுப் பொருளாக இருந்தால் என்ன செய்வது? பழைய கைபேசியை இங்கே வாங்கவே வேண்டாம், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கோயில் பெயரோ ‘உபயம்’ என்ற சொல்லோ வெட்டிய மணி, விளக்கு, தட்டு எதையும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். அது ஒரு தெய்வத்துக்குக் கொடுக்கப்பட்டது. எப்படித் தெருவுக்கு வந்தது என்பது காவல்துறை கேட்கவேண்டிய கேள்வி. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளும் சிற்பமும், எழுபத்தைந்து ஆண்டு கடந்த மதிப்புள்ள சுவடியும் தொல்பொருளாகும். உரிமம் இல்லாமல் அவற்றை வியாபாரம் செய்யக் கூடாது. தனியார் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதற்கும் தடை உண்டு. அமெரிக்காவிலிருந்து வரும் பிள்ளைகள் பெட்டியில் வைத்துக் கொண்டுபோக ஆசைப்படுவார்கள். வீட்டுச் சாமான்களில் பெரும்பாலானவை நூறு வயதைத் தொடாதவை என்றாலும், பழைய விக்கிரகம் என்று சொல்லி யாராவது எதையாவது எடுத்து நீட்டினால் அங்கேயே கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவது நல்லது.

எனக்கு மிகக் கடினமாகப் படுவது இன்னொரு கேள்வி. விற்பவருக்குத் தெரியாத மதிப்பு நமக்குத் தெரிந்திருக்கும்போது, எடை விலையில் வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு வருவது சரியா? சந்தைக்கு அதுதான் தர்மம் என்பார்கள். வியாபாரிகள் அப்படித்தான் செய்கிறார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் அப்படிச் செய்யக் கூடாது என்று நினைக்கிறேன். விடியுமுன் மூட்டை சுமந்து வந்து தரையில் உட்கார்ந்திருப்பவரிடம், பெயர் தெரிந்ததை மறைத்து நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதைப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். அதற்காகப் பேரம் பேசவேண்டாம் என்று சொல்லவில்லை. பேரம் சந்தையின் மரியாதை. பேசி முடித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, “அண்ணே, இதுக்குப் பேரு பாலாடை. இந்த மாதிரி வந்தா எடைக்குப் போட்டுடாதீங்க, எடுத்து வைங்க, நான் வரேன்” என்று சொன்னால் அவருக்கும் லாபம். அடுத்த வெள்ளிக்கிழமை விலை கொஞ்சம் ஏறியிருக்கும் என்பது உண்மைதான். அந்த மாதிரிப் பொருள் அங்கே இருக்கும் என்பதும் உண்மை. சொல்லாமல் வந்தால் அது உருகிப் போயிருக்கும்.

பாத்திரமாவது எடைக்குப் பெறும். காகிதத்துக்கு அதுவும் அதிகம் இல்லை. அதனால்தான் சாக்கின் ஓரத்தில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கணக்கு நோட்டு, சினிமாப் பாட்டுப் புத்தகம் இவற்றை முதலில் பாருங்கள் என்று சொல்வேன். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா இப்படிப்பட்டவற்றைத்தான் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பு சென்னைக்கு வந்து அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. அது இன்று தரமணியில் இருக்கிறது, பல்லாவரத்திலிருந்து சில மைல் தூரத்தில். பத்து ரூபாய்க்குக் கிடைத்த நோட்டீஸ் ஒன்றில் நாடகத்தின் பெயர், கொட்டகையின் பெயர், டிக்கெட் விலை மூன்றும் இருந்தால், வீட்டில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, அசலை அங்கே காட்டிக் கேளுங்கள். மழைக்காலத்தில் போகிறவர்கள் ஒரு பிளாஸ்டிக் உறையும் கையில் வைத்திருங்கள்.