ஐயமும் அபயமும்

கடலூரை அடுத்துக் கெடில நதிக்கரையில் விளங்கும் திருவஹீந்திரபுரத்தில் தெய்வநாயகனை ஸேவிக்கும் அன்பர்கள், ஔஷதகிரியின் மீதேறி ஸ்ரீ ஹயக்ரீவரையும் தொழுகின்றனர். அனுமன் சுமந்து சென்ற சஞ்சீவி மலையினின்று விழுந்த பகுதியே இக்குன்று என்பது தலவரலாறு. தெற்கே தில்லைத் திருச்சித்திரகூடத்தைப் பாடிய குலசேகராழ்வார், பெருமாள் திருமொழியின் நிறைவுப் பதிகத்தில் இராமகாதையைச் சுருக்கி அருளினார். இராவணன் தம்பிக்கு இராமபிரான் அரசளித்த செய்தியும் அதில் இடம்பெறுகிறது. இவ்விரு திவ்யதேசங்களும் நினைவூட்டும் அவ்வரலாற்றில், பிறரை எவ்வாறு மதிப்பிடவேண்டும் என்னும் பாடம் ஒன்று உளது.

நால்வர் துணைவருடன் கடற்கரைக்கு வந்த விபீஷணன் அடைக்கலம் வேண்டினான். "பகைவனின் தம்பி, ஒற்றனாகவே இருப்பான்" என்று சுக்ரீவன் ஐயுற்றான். சோதித்தறிக என்றான் அங்கதன். வந்த காலமும் இடமும் தகாதவை என்றான் ஜாம்பவான்.

அனுமன் ஒருவனே வந்தவன் நிலையில் நின்று நோக்கினான். விபீஷணன் முகத்தில் தெளிவிருந்தது, சொல்லில் தீமையில்லை. தமையனின் தீச்செயலையும் இராமபிரானின் ஆற்றலையும் உணர்ந்தவனுக்கு இதுவே தக்க காலம் என்று எடுத்துரைத்தான். நல்லெண்ணத்துடன் வந்தவனைத் துருவித் துருவி வினவினால் அவன் உள்ளம் நோகும். கைக்கெட்டிய நட்பும் கெடும் என்றும் எச்சரித்தான். தவறாக நம்புவதால் வரும் கேட்டையே பிறர் எண்ணினர். தவறாக ஐயுறுவதால் விளையும் கேட்டையும் அனுமன் எண்ணினான். அவன் கூறியது கண்மூடிய நம்பிக்கையன்று. கண்டும் கேட்டும் ஆராய்ந்தபின், குற்றம் காணாதவிடத்துக் குற்றம் கற்பிக்க மறுத்த நேர்மையே அது.

இராமபிரானின் பெருமை இதனினும் உயர்ந்தது. விபீஷணனுக்கு அபயமளித்த அண்ணல், சுக்ரீவனையும் இகழவில்லை. சாத்திரம் பயின்று முதியோரைப் பணிந்தவரன்றி மற்றவர் இவ்வாறு பேசவியலாது என்று அவனைப் பாராட்டினார். பின்னர், வந்தவனை அழைத்துவரும் பணியை அச்சுக்ரீவனிடமே ஒப்புவித்தார். ஐயுறப்பட்டவன், ஐயுற்றவன் ஆகிய இருவர் உள்ளத்தையும் அவர் அறிந்திருந்தார்.

திருவஹீந்திரபுரத்தில் நெடுங்காலம் எழுந்தருளியிருந்த ஸ்ரீ வேதாந்த தேசிகர் (1268–1369), இந்த விபீஷண சரணாகதியை விளக்குவதற்கென்றே 'அபயப்ரதான ஸாரம்' என்னும் நூலை அருளினார்.

இப்பாடம் திருவிழாக் கூட்டத்திலேயே பயிலத்தக்கது. வரிசையில் முந்துபவர், முன்னே சென்ற முதிய தாயைப் பிரிந்து தவிப்பவராக இருக்கலாம். கடுஞ்சொல் கூறும் தொண்டர், விடியற்காலை முதல் உணவின்றி நிற்பவராக இருக்கலாம். முகமன் கூறாது செல்பவர், ஆறாத துயரொன்றைப் பெருமாளிடம் முறையிட வந்தவராக இருக்கலாம். சிதம்பரத்தில் ஓரிடத்தில் நின்றே நடராஜரையும் கோவிந்தராஜரையும் தரிசிக்கலாம். அங்கே அருகில் நிற்பவரின் நெற்றிக்குறி வேறாயிருப்பது கொண்டு அவர் உள்ளத்தை அளத்தல் தகாது.

ஒருவர்மீது ஐயம் எழும்போது, அவர் நிலையில் நின்று ஒருகணம் எண்ணுதல் வேண்டும். அவர் செயலுக்கு நற்காரணம் இருக்கக்கூடுமாயின், அதனையே முதலில் கொள்ளுதல் வேண்டும். அபயம் வேண்டிப் பெருமாள் திருமுன் நிற்கும் அடியவர், அருகில் நிற்பவருக்கு அளிக்கக்கூடிய அபயம் அதுவேயாம்.