புகார் எண் கையில் இருக்கிறதா?

ஆரம்பாக்கத்தில் போன் நாலு கோடு சிக்னல் காட்டும். பேசினால் பாதியில் கட் ஆகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தகர ஷெட்டுக்குள் நைட் ஷிப்ட் பார்ப்பவருக்கு, பேங்க் ஓடிபி வந்து சேர்வது கேட்டைத் தாண்டிய பிறகுதான். திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில் இவை பழகிப்போன தொல்லைகள். கோபம் வந்தால் நாம் போய்ச் சத்தம் போடுவது ரீசார்ஜ் கடைக்காரரிடம். அவர் கமிஷனுக்கு வியாபாரம் செய்பவர். டவரைச் சரிசெய்வதும் பில்லைத் திருத்துவதும் அவர் கையில் இல்லை. அவரிடம் சொன்னது எங்கும் பதிவாவதும் இல்லை. நிறுவனத்தின் கணக்கில் ஏறி, ஓர் எண் கிடைத்தால்தான் அது புகார். அந்த எண் இல்லாவிட்டால் அடுத்த படி எதுவும் ஏற முடியாது.

முதலில் போனைப் பாருங்கள்

எல்லையோரத்தில் இருப்பவர்களின் போன் தடா, சூளூர்பேட்டைப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்வது உண்டு. திரையில் ரோமிங் குறி விழுந்தால் இதுதான் காரணம். செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி, தமிழ்நாட்டு நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஷெட்டுக்குள் தகரமும் இரும்பும் அலைகளைத் தடுக்கும். அங்கே வைஃபை கிடைத்தால் வைஃபை காலிங்கை ஆன் செய்யுங்கள். பிறகு உங்கள் சிம்மை வேறொரு போனில் போட்டுப் பாருங்கள். அதிலும் அதே தொல்லை என்றால், குறை உங்கள் போனில் இல்லை.

198-க்குப் பேசும்போது

புகாருக்கான இலவச எண் 198. ‘நெட்வொர்க் சரியில்லை’ என்று மட்டும் சொன்னால், ‘போனை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் சார்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “ஆரம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெரு. ஒரு வாரமாகக் காலை 6 முதல் 8 வரை கால் கட் ஆகிறது. சிம்மை வேறு போனில் போட்டும் பார்த்துவிட்டேன். புகாரைப் பதிவு செய்து எண் கொடுங்கள்.” இடம், நேரம், நீங்கள் செய்த சோதனை மூன்றும் அதில் இருக்கின்றன. எண் எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டும். வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

காசு பிடித்த தகராறு என்றால் கணக்கு கேளுங்கள். பிரீபெய்டு வாடிக்கையாளரும் கடந்த ஆறு மாதத்துக்குள் உள்ள விவரப் பட்டியலைக் கேட்டு வாங்கலாம். அதற்கு 50 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. கேட்காத காலர் ட்யூன், ஜோசியம் போன்ற சேவைகளுக்குப் பணம் போனால் 155223 மூலம் நிறுத்தலாம். பில் புகாரைத் தீர்க்க நிறுவனத்துக்குக் கெடு உண்டு.

அடுத்த படி: மேல்முறையீடு

கெடு தாண்டியும் தீரவில்லையா, அல்லது தீர்க்காமலே ‘தீர்ந்தது’ என்று மூடிவிட்டார்களா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் கொண்டுவந்த விதிப்படி, ஒவ்வொரு நிறுவனத்திலும் மேல்முறையீட்டு அதிகாரி இருக்க வேண்டும். 30 நாளுக்குள் புகார் எண்ணைக் குறிப்பிட்டு மெயிலிலோ தபாலிலோ முறையிடலாம், கட்டணம் இல்லை. 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். பலர் நேராக டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகாரை டிராய் விசாரிப்பதில்லை.

மாவட்டம் முழுக்கப் பாதிக்கும் பெரிய துண்டிப்பு 24 மணி நேரத்தைத் தாண்டினால், போஸ்ட்பெய்டுக்கு வாடகைக் கழிவும் பிரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டிப்பும் தர வேண்டும் என்பது 2024 விதி. ஆனால் புயல், வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடரால் வந்த துண்டிப்புக்கு இது பொருந்தாது.

நுகர்வோர் ஆணையம்

மேல்முறையீட்டிலும் தீராவிட்டால் அடுத்த படி நுகர்வோர் ஆணையம். ‘டெலிகாம் வழக்கு இங்கே செல்லாது’ என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2009-இல் வந்த ஒரு தீர்ப்பை வைத்து அப்படித்தான் திருப்பி அனுப்பினார்கள். வோடஃபோன் ஐடியா தொடர்பான வழக்கில் 2022 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம், செல்போன் வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று தெளிவாக்கிவிட்டது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் ஊருக்கு உரிய ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் போக வேண்டியது திருவள்ளூருக்குத்தான். சேவைக்கு நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசிப் பாருங்கள். பல புகார்கள் அங்கேயே சமரசமாகிவிடும்.

போர்ட் செய்வதென்றால்

ஒரு புகாருக்காகப் புது டவர் முளைக்காது. அதே தெருவில் பக்கத்து வீட்டுக்காரருக்கு வேறு நிறுவனத்தில் நன்றாகக் கிடைக்கிறதென்றால், அதே எண்ணோடு அந்த நிறுவனத்துக்கு மாறிவிடுவதே, அதாவது போர்ட் செய்வதே, புத்தி. PORT என்ற ஆங்கிலச் சொல், ஓர் இடைவெளி, உங்கள் எண். இதை 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் கோட் வரும். அது நாலு நாள்தான் செல்லும். தமிழ்நாட்டுக்குள் மாற மூன்று வேலை நாள். ஒடிசா, பீகார் சிம்மோடு வந்திருக்கும் தொழிலாளர்களும் எண்ணை மாற்றாமலே இங்கே போர்ட் செய்யலாம்; ஐந்து வேலை நாள் ஆகும். 2015 ஜூலை முதல் இந்த வசதி உண்டு. இப்போது இருக்கும் நிறுவனத்துக்கு வந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும். போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக் கூடாது. சிம் தொலைந்து புதிது வாங்கியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். பழைய ரீசார்ஜில் மிச்சமிருப்பது புது நிறுவனத்துக்கு வராது, அதனால் பேக் முடியும் தறுவாயில் மாறுங்கள்.

ஆனால் கடைசி நிமிடம் வரை இழுக்காதீர்கள். 2018 பிப்ரவரியில் ஏர்செல் நிறுவனத்தின் செல்போன் சேவை தமிழ்நாட்டில் திடீரென முடங்கியபோது, போர்ட் கோட் கேட்டு அனுப்பும் எஸ்எம்எஸ்ஸே போகாமல் லட்சக்கணக்கானோர் தவித்தார்கள். பேங்க், ஆதார், கேஸ் எல்லாம் அந்த எண்ணில்தான் தொங்கிக்கொண்டிருந்தன. சிக்னல் மோசமாகிக்கொண்டே போகிறது, கஸ்டமர் கேர் எடுப்பதில்லை என்றால், சிம் உயிரோடு இருக்கும்போதே மாறிவிடுங்கள்.

மாறிய பிறகும் பழைய புகார் எண்ணையும் பில்லையும் அழித்துவிடாதீர்கள். தவறாகப் பிடித்த காசுக்காக நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.